அந்தச் சீட்டை மடித்து வைக்காதீர்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன. மலப் பரிசோதனையில் ரத்தம் இருப்பதாக வந்துவிட்டது, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள், போய்த்தான் ஆக வேண்டுமா? எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். தீவு சின்னது, ஊரே ஒருவரையொருவர் அறியும்.

சென்னையில் மகள் வீட்டுக்குப் போனபோது மாஸ்டர் செக்கப் எடுத்தோம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் என்று பாசிட்டிவ். எனக்குப் பசி, தூக்கம், வெளிக்குப் போவது எல்லாம் சரியாக இருக்கிறது. இதற்குப் போய் கொலோனோஸ்கோபியா?
*58 வயது வாசகர், கோவிந்த நகர்*

எல்லாம் சரியாக இருப்பவருக்காகவே வந்த பரிசோதனை ஐயா அது. தொந்தரவு தெரிந்தவருக்கு அந்தக் கிட்டே தேவையில்லை, அவர் நேராக டாக்டரிடம் போக வேண்டியவர்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. பாசிட்டிவ் வந்த நூறு பேருக்குக் கொலோனோஸ்கோபி செய்தால், நான்கைந்து பேருக்குப் புற்றுநோய் இருக்கும். முப்பது நாற்பது பேருக்குக் குடல் சுவரில் பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி இருக்கும். மற்றவர்களுக்குக் கவலைப்பட ஒன்றும் இருக்காது. இந்த மூன்றில் நீங்கள் எந்தக் கூட்டம் என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

எனக்குப் பெரிதாகப் படுவது நடுவிலுள்ள அந்த முப்பது நாற்பது பேர்தான். பாலிப் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டு போலப் பிடிக்கிறது. கொலோனோஸ்கோபியில் அதைப் பார்த்த கையோடு கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிடலாம். 1969-இல் நியூயார்க்கில் டாக்டர் வில்லியம் வுல்ஃபும் டாக்டர் ஹிரோமி ஷின்யாவும் அப்படி எடுத்துக் காட்டும்வரை, பெருங்குடலின் உள்பகுதியில் இருக்கும் பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் அன்றைக்கே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

எனக்குப் பதினைந்து வருடமாக மூலம். ரத்தம் அதிலிருந்துதானே வந்திருக்கும்?
*வாசகி, ஷ்யாம் நகர்*

வந்திருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்குப் பாலிப் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை அம்மா. இரண்டும் ஒரே குடலில் இருக்கும். “அது மூலம்தான்” என்று சொல்லிச் சொல்லியே மலக்குடல் புற்றுநோயை முற்றவிட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். மூலம்தான் காரணம் என்று கொலோனோஸ்கோபி முடித்த டாக்டர் சொல்லட்டும். அதுவரை நீங்களும் சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவையும் சொல்ல விடாதீர்கள்.

பயந்துபோய் இரண்டாவது தடவை டெஸ்ட் எடுத்தேன். நெகட்டிவ் வந்துவிட்டது. தப்பித்தேனா?
*வாசகர், விஜய் நகர்*

இல்லை. பாலிப் தினமும் ரத்தம் கசியாது. ஒரு நாள் கசியும், நாலு நாள் சும்மா இருக்கும். இரண்டாவது தடவை நீங்கள் மாதிரி எடுத்தது அந்தச் சும்மா இருந்த நாளாக இருக்கலாம். ஒரு முறை பாசிட்டிவ் வந்துவிட்டால் அடுத்தது கொலோனோஸ்கோபிதான், மறு டெஸ்ட் இல்லை. உங்களுக்கு ஆறுதல் தந்த அந்த நெகட்டிவ் சீட்டை ஓரமாக வையுங்கள், முதல் சீட்டோடு டாக்டரிடம் போங்கள்.

கடற்கரைப் பக்கம் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். டிசம்பரில் பாசிட்டிவ் வந்தது. சீசன் முடிந்து மே கடைசியில் போகலாமா?
*வாசகர், ராதா நகர்*

கடையை மூடினால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் மே கடைசி வேண்டாம், அதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, உடம்பு. அமெரிக்காவில் கெய்சர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் பாசிட்டிவ் வந்த சுமார் 70,000 பேரைப் பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து மாதத்துக்கும் மேல் தள்ளிப் போட்டவர்களிடம் புற்றுநோயும் அதிகம், முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டதும் அதிகம். சில வாரத் தாமதம் ஆளைக் கொல்லாது, ஆகவே இன்று ராத்திரி தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால் ஐரோப்பிய வழிகாட்டி 31 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. ஐந்து மாதம் தள்ளுகிறவர் அடுத்த சீசனுக்கும் தள்ளுவார் என்பதுதான் என் பயம். போகாமலே இருந்துவிட்டவர்கள் கதை இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் தெரிந்தது. பாசிட்டிவ் வந்தும் கொலோனோஸ்கோபி செய்யாதவர்கள், செய்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார்கள்.

இன்னொன்று, கடல். அந்தமானில் பருவமழை மே மூன்றாம் வாரமே இறங்கிவிடும். அதன்பின் எந்த நாள் போட் ஓடும், எந்த நாள் ஓடாது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் கடல் அமைதியாக இருக்கும்போது ஒரு வாரம் கடையைத் தம்பியிடமோ மைத்துனரிடமோ விட்டுவிட்டுப் போய்விட்டு வாருங்கள்.

வசதி இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் உடனே நடக்கும். தீவில் கிடக்கிற எங்களுக்கு?
*அதே வாசகரின் மனைவி*

வசதிக்கும் இதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான் அம்மா. அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனுக்கு 1985 மார்ச்சில் மலத்தில் ரத்தம் இருப்பது தெரிந்தது. ஆனால் பெருங்குடல் முழுவதையும் பார்த்தது ஜூலை 12 அன்றுதான். பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் பெரிய கட்டி, மறுநாளே அறுவை சிகிச்சை, பார்த்தால் புற்றுநோய். ஏன் இத்தனை மாதம் என்று அப்போதே அங்குள்ள டாக்டர்கள் கேட்டார்கள். கூப்பிட்ட குரலுக்கு மருத்துவர் வருகிற வெள்ளை மாளிகையிலேயே அடுத்த படி தள்ளிப்போனது. அவருக்கு நல்ல காலம், நோய் பரவவில்லை. 93 வயதுவரை வாழ்ந்து 2004-இல் இறந்தார்.

உங்களுக்குக் கடல் குறுக்கே இருப்பது உண்மை, அதை நான் சின்னதாக்கவில்லை. அதனால்தான் அடுத்த பதிலை நீளமாக எழுதுகிறேன்.

எங்கே போவது, என்ன வரிசையில் செய்வது? ஒரே பயணத்தில் முடியுமா?
*பலர்*

முடியும், முதலில் போன், பிறகு டிக்கெட் என்று வைத்துக்கொண்டால். பெரும்பாலானவர்கள் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் “பத்து நாள் கழித்து வாருங்கள்” என்று கேட்டுத் திரும்புகிறார்கள்.

தீவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாசிட்டிவ் சீட்டைக் காட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். போர்ட் பிளேரில், 2024-லிருந்து அரசுப் பெயரில் ஸ்ரீ விஜயபுரத்தில், ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. கொலோனோஸ்கோபி எந்த நாளில் செய்கிறார்கள், உங்களுக்கு எப்போது தேதி கிடைக்கும், பாலிப் இருந்தால் அங்கேயே எடுப்பார்களா என்று மூன்றையும் அங்கே கேளுங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பார்க்க ஒரு பயணம், எடுக்க இன்னொரு பயணம் என்று ஆகக்கூடாது.

மெயின்லேண்ட் போவதென்று முடிவானால் விமானத்தில் சென்னை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லி மருத்துவமனையிலும் குடல்நோய்ப் பிரிவு இருக்கிறது. விமான நிலையத்தில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பொது மருத்துவமனை எதிரிலேயே. ஆயுஷ்மான் அட்டை வைத்திருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் தங்காமல் செய்யும் பரிசோதனைக்கு அது செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அந்த அட்டை பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான்.

இனி, தீவுக்காரர்களுக்கே உரிய இரண்டு விஷயம். குடலைச் சுத்தம் செய்யத் தரும் பேதி மருந்தை ஹேவ்லாக்கில் குடித்துவிட்டுப் போட்டில் ஏறாதீர்கள். அரசுப் போட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், கூட்டத்தில், ஆடுகிற கப்பலில், நிமிடத்துக்கு நிமிடம் கழிவறை தேடுவது யாருக்கும் வரக்கூடாத துன்பம். முந்தின நாளே பரிசோதனை நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, கழிவறை தனியாக உள்ள அறையில் தங்கி, அங்கே குடியுங்கள். இன்னொன்று, தேதிக்கு முன்னால் ஒரு நாளாவது உபரியாக வையுங்கள். 2016 டிசம்பரில் வானிலை கெட்டு ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் வந்து அழைத்துப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். கடலுக்கு உங்கள் அப்பாயின்ட்மென்ட் தெரியாது.

கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஆள் இல்லாமல் பல இடங்களில் மேசையிலேயே ஏற்ற மாட்டார்கள்.

அந்த பேதி மருந்தைக் குடிக்க முடியவில்லை என்கிறார்களே?
*வாசகி, கிருஷ்ணா நகர்*

கொலோனோஸ்கோபியில் சிரமமான பகுதி அதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். பவுடரைக் கரைத்து இரண்டு லிட்டரிலிருந்து நான்கு லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும். உப்புக் கரிக்கும். குளிர வைத்துக் குடித்தால் பாதிச் சிரமம் குறையும், ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் இன்னும் கொஞ்சம். டாக்டர் சொன்னபடி பாதியை முந்தின நாள் மாலையும் மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பும் குடிப்பதுதான் நல்லது. இரண்டாவது பாதிக்கு விடியற்காலை மூன்று மணிக்குக்கூட எழ வேண்டி வரலாம். எழுந்துவிடுங்கள், குடல் சுத்தமாவது அந்தப் பாதியில்தான்.

இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, தேங்காய்த் துருவல், விதையுள்ள பழம், பருப்புத் தோல், முழுதானியம் எல்லாம் நிறுத்தம். இட்லி, வெள்ளைச் சோறு, எண்ணெய் குறைத்துச் செய்த மீன் போதும். முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். வடிகட்டிய இளநீர், பால் சேர்க்காத டீ, எலுமிச்சைச் சாறு, வடிகட்டிய தெளிரசம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள், அதில் பொட்டாசியம் அதிகம். அவர்களுக்குப் பேதி மருந்தையும் டாக்டர்தான் தேர்ந்து தர வேண்டும். சிவப்பு நிறப் பானம் எதுவும் வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரிந்து குழப்பும்.

கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போனால் நீங்கள் தயார். இன்னும் கலங்கலாகப் போனால் நர்ஸிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அரைகுறையாகச் சுத்தமான குடலில் சின்ன பாலிப் மறைந்துகொள்ளும். பிறகு மறுபடி எல்லாம், மறுபடி டிக்கெட் உட்பட.

சர்க்கரை மாத்திரை, இதய மாத்திரை சாப்பிடுகிறேன்.
*வாசகர், கோவிந்த நகர்*

மாத்திரை அட்டைகளையே கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பட்டினி இருக்கும் நாளில் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் அளவு மாறும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய டாக்டர் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்துவது ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆண் டாக்டர் என்றால் நான் போக மாட்டேன்.
*வாசகி*

ஊர்ப் பெயரைக்கூட எழுதவில்லை நீங்கள். உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது அம்மா, அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். பெண் டாக்டர் வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள், அது உங்கள் உரிமை. கிடைக்காவிட்டால் அறையில் பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பின்பக்கம் திறப்புள்ள அங்கி தருவார்கள், மேலே துணி போர்த்தியிருக்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் அரை மணி நேரம்தான். மயக்க மருந்தில் அதுவும் பெரிதாக நினைவிருக்காது. உங்கள் மகளிடம் மட்டுமாவது இன்றைக்கே சொல்லுங்கள்.

குடலில் ஓட்டை விழும் என்கிறார்களே?
*வாசகர், விஜய் நகர்*

விழக்கூடும், ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக. பாலிப் எடுத்தால் ரத்தக் கசிவு அதைவிட அதிகம். பாசிட்டிவ் வந்தவருக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூறில் நான்கைந்து. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸ்கூபா சொல்லிக் கொடுக்கிறேன், வயது 46. எத்தனை நாளில் திரும்பக் கடலில் இறங்கலாம்?
*வாசகர், விஜய் நகர்*

மயக்க மருந்துக்குப் பிறகு 24 மணி நேரம் வண்டியே ஓட்டக் கூடாது, கடல் எங்கே? ஒன்றும் எடுக்காமல் பார்த்து மட்டும் அனுப்பினால் சீக்கிரமே இறங்கலாம். பாலிப் எடுத்திருந்தால் கதை வேறு. எடுத்த இடத்தில் இரண்டு வாரம்வரைகூடத் தாமதமாக ரத்தம் கசியலாம். பெரிய பாலிப் எடுத்தவர் மறுநாளே தீவுக்குத் திரும்பிவிட்டு, ராத்திரி ரத்தம் போக ஆரம்பித்தால் காலை வரை போட் இருக்காது. ஆகவே “நான் தீவில் இருக்கிறேன், டைவ் பண்ணுகிறவன்” என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நகரத்து நோயாளியை மனதில் வைத்து அவர் சொல்லும் “நாளைக்கே போகலாம்” உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஸ்கேன் எடுத்தால் போதாதா?
*வாசகர், நீல் தீவு*

சாதாரண வயிற்று ஸ்கேனில் சின்ன பாலிப் தெரியாது. குடலுக்கென்றே எடுக்கும் சி.டி. இருக்கிறது, கொலோனோஸ்கோபி முழுமையாகச் செய்ய முடியாதவர்களுக்கு உதவும். அதில் ஏதாவது தெரிந்தால் எடுப்பதற்கு மறுபடி கொலோனோஸ்கோபிதான்.

கிட்டை வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டேன். அதனால் தப்பாகப் பாசிட்டிவ் வந்திருக்குமா?
*வாசகி, கோவிந்த நகர்*

வெயில் மாதிரியிலுள்ள ரத்தத்தைச் சிதைக்கும், உண்டாக்காது. நம் தீவுச் சூட்டில் கிடந்தும் பாசிட்டிவ் வந்தது என்றால் அதை இன்னும் மதிக்க வேண்டும். நெகட்டிவ் வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அடுத்த முறை மாதிரி எடுத்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ரிசார்ட் ஊழியர்களுக்கு இந்த டெஸ்ட் கேம்ப் நடத்தலாம் என்று நினைக்கிறோம். யோசனை சொல்லுங்கள்.
*மேலாளர், ஹேவ்லாக்*

நல்ல எண்ணம். ஒரு நிபந்தனையோடு நடத்துங்கள். பாசிட்டிவ் வருகிறவருக்குக் கொலோனோஸ்கோபி எங்கே, யார் செலவில், எத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று முடிவான பிறகே கிட்டைக் கையில் கொடுங்கள். அது முடிவாகாவிட்டால் கேம்ப் வேண்டாம். ஒரு மனிதருக்குப் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவது தர்மம் இல்லை.

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம் தேசியத் திட்டத்தில் ஊர்தோறும் பார்க்கச் சொல்லும் புற்றுநோய்கள் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று மட்டும். பெருங்குடல் அதில் இல்லை. அதனால் இந்தப் பரிசோதனை மாஸ்டர் செக்கப் பாக்கேஜ் வழியாகவும் தனியார் கேம்ப் வழியாகவும்தான் மக்களிடம் வருகிறது. சீட்டில் ஒரு வரி அச்சாகிறது, அதன்பின் யாரும் போன் செய்வதில்லை. பிறகு நோயாளி அலட்சியம் செய்தார் என்று பேசுகிறோம். அமெரிக்காவிலும் பாசிட்டிவ் வந்த பலருக்குக் கொலோனோஸ்கோபிச் செலவு தனியாகத் தலையில் விழுந்தது. 2023-இலிருந்து அங்கே மெடிகேர் காப்பீடு அதை முதல் பரிசோதனையின் தொடர்ச்சியாகவே கணக்கிட்டு, பாலிப் எடுக்காதவரை நோயாளி பங்கு கேட்பதை நிறுத்தியது. இரண்டும் சேர்ந்து ஒரே பரிசோதனை என்று அரசு விதியே ஒப்புக்கொண்ட மாதிரி.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. ஊழியர்களில் பொறுப்பான ஒருவரிடம் பாசிட்டிவ் வந்தவர்கள் பட்டியலைக் கொடுங்கள். தேதி வாங்குவது, போட் டிக்கெட், பேதி மருந்து விளக்கம், திரும்பி வந்தாரா என்று கேட்பது எல்லாம் அவர் வேலை. இப்படிக் கைபிடித்து அழைத்துப் போக ஒருவர் இருக்கும் இடங்களில் கொலோனோஸ்கோபி முடிப்பவர்கள் கூடுகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள்.

கொலோனோஸ்கோபி முடிந்தது, இரண்டு பாலிப் எடுத்தார்கள். “ஒன்றும் பயமில்லை” என்றார்கள். ஊர் திரும்பிவிட்டேன். வேலை முடிந்ததல்லவா?
*வாசகர், கிருஷ்ணா நகர்*

பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததா? எடுத்த பாலிப்பை ஆய்வகத்தில் பார்த்து முடிவு சொல்லச் சில நாள் ஆகும். நீங்கள் அதற்குள் கப்பல் ஏறியிருப்பீர்கள். பாசிட்டிவ் சீட்டுக்குப் பிறகு, நூல் அறுகிற இரண்டாவது இடம் இதுதான். இன்றைக்கே போன் செய்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாலிப் எந்த வகை, முழுதாக எடுத்தாயிற்றா, பெருங்குடலின் தொடக்கம்வரை குழாய் போனதா, அடுத்து எந்த ஆண்டு வர வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக ஒன்றிரண்டு என்றால் ஏழு முதல் பத்து ஆண்டுவரை காத்திருக்கலாம். எண்ணிக்கையோ அளவோ கூடினால் மூன்று ஆண்டு.

அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய். எனக்கு 39. எப்போது பார்க்க வேண்டும்?
*வாசகி, கோவிந்த நகர்*

அடுத்த ஆண்டு. பெற்றோரோ உடன்பிறந்தவரோ பாதிக்கப்பட்டிருந்தால் 40 வயது, அல்லது அவருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, இரண்டில் எது முந்தியதோ அது. உங்களுக்கு 40. மலப் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் நேரே கொலோனோஸ்கோபி பற்றிக் கேளுங்கள். தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இளம் வயது என்று எண்ண வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு வந்த பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வில் சராசரி வயதே 50-க்குக் கீழே இருந்தது.

எனக்குக் கொலோனோஸ்கோபியில் ஒன்றுமே இல்லை. வருடா வருடம் கம்பெனி கொடுக்கும் மல டெஸ்ட்டை இனியும் எடுக்க வேண்டுமா?
*வாசகர், ராதா நகர்*

சுத்தமான குடலில் முழுமையாகப் பார்த்து ஒன்றும் இல்லை, குடும்பத்திலும் யாருக்கும் இல்லை என்றால் பத்து ஆண்டுக்கு வேண்டாம். கம்பெனியிடம் ரிப்போர்ட் நகலைக் கொடுத்துவிடுங்கள். இடையில் கண்ணால் பார்க்கும்படி ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் போகும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ அந்தப் பத்து ஆண்டுக் கணக்கை மறந்துவிட்டு அடுத்த போட்டைப் பிடியுங்கள்.